கவர் அங்கிளின் சோபா

சலவைக் கடைக்காரர் என்று கேட்டால் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். கவர் அங்கிள் என்றால் கைக்குழந்தையும் வழி காட்டும். கோட்டு, பட்டுப்புடவை எல்லாம் வெளுத்துத் தேய்த்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பது அவர் தொழில். தொழில் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லையே! டிவி ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, வேதப் புத்தகத்துக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. மனுஷனைக் குறை சொல்லவும் முடியாது. முப்பது வருஷமாக அடுத்தவர் கறையையே பார்த்துப் பார்த்து, உலகமே எதையோ கொட்டத்தான் காத்திருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த சோபா. வெளிர் மஞ்சள், மூன்று பேர் உட்காரலாம். உட்காரலாம் என்பது விற்றவன் சொன்னதுதான். வாங்கி ஆறு வருஷமாகியும் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. சேமிப்பில் பாதியை முழுங்கிய சாமான் ஆயிற்றே! மேலே தடித்த பிளாஸ்டிக், அதற்கும் மேலே ஒரு விரிப்பு. வீட்டு ஜெபக் கூட்டம் அவர் முறை வரும்போது சபையார் தரையில் உட்கார்ந்து சோபாவைப் பார்த்தபடியே பாடுவார்கள். புதிதாக வந்தவன் எவனாவது, அதைத்தான் கும்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தால் அவன்மேல் தப்பில்லை.

பூமியில் சேர்த்து வைப்பதைப் பூச்சியும் துருவும் அரித்துவிடும் என்று ஆண்டவர் எச்சரித்ததைப் பற்றி, ஒரு ஞாயிறு போதகர் ஒரு மணி நேரம் பேசினார். எல்லோரும் கவர் அங்கிளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவரோ தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். வெளியே வந்ததும் மனைவியிடம், "கேட்டியா? பூச்சி அரிக்கும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. சோபாவுக்கு அடியில ரெண்டு அந்துருண்டை போடணும்" என்றார்.

"நல்லா வெளங்கிச்சு உங்களுக்கு" என்றாள் மனைவி.

அந்த மாதந்தான் அவருடைய அக்கா முட்டி ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். "இனிமே இங்கதான் இருக்கணும், எங்கயும் போகக் கூடாது" என்று சொல்லித்தான் கூட்டி வந்தார். பத்தே நாளில் அவள் பையைக் கட்டிவிட்டாள்.

"என்னக்கா இது?"

"முதியோர் இல்லத்துல இடம் கேட்டு வெச்சிருக்கேன்டா. எனக்கு அங்கதான் தோதுப்படும்."

அவர், சாப்பாடு பிடிக்கலையா, யாராவது ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டுக்கொண்டே போனார். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று அக்கா பை முடிச்சை இறுக்கினாள். நேரே அடுப்படிக்குப் போய் மனைவியைப் பிடித்தார்.

"பகல் பூரா அந்த முக்காலியிலதான் உக்காந்திருக்காங்க. முட்டி வீங்கிக் கிடக்கு. சோபாவுல காலை நீட்டிச் சாஞ்சுக்கோங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் சில சமயம் அவங்களையும் மீறி ஒண்ணுக்குப் போயிடுதாம். 'தம்பி உசுரா வெச்சிருக்கிற சாமான், எதுக்கு வம்பு'ங்கிறாங்க. நீங்க காலையில கடைக்குப் போயிடுறீங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

உசுரா. அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. காலையும் மாலையும் முழங்காலில் நின்று ஜெபிக்கிற மனுஷன். உசுரை எங்கே வைத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுப்பு மேடையில் ஆறிக்கொண்டிருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தார். விரிப்பை உருவி எறிந்தார். பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது டர்ரென்று கிழிந்தது. டம்ளரை அப்படியே சோபாவின் நடுவில் கவிழ்த்தார்.

"ஐயையோ! பைத்தியம் பிடிச்சிருச்சாடா உனக்கு?" என்று அக்கா கத்தினாள்.

"முதல் கறை நான் போட்டாச்சு. இனிமே யாரு போட்டா என்ன? உக்காருக்கா" என்றார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஈரத்தை விட்டு ஓரமாக உட்கார்ந்து, காலை நீட்டி, "அப்பாடா" என்று சாய்ந்தாள். கிட்டே வந்தவர் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"ரெண்டு சொட்டு ஊத்தினா போதாதாடா, கழுதை? முழு டம்ளரா?"

டீக்கறை எடுக்க அவர் கடையில் மூன்று வகை மருந்து இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.