ஆறு நாள் அட்டவணையும் ஒரு தோளும்

எடை தூக்கச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ரொம்ப லேசான பொருள் அட்டவணைதான். அதனால்தானோ என்னவோ, வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போனை நீட்டி, "மாஸ்டர், இது நல்ல புரோகிராமா?" என்பார்கள். யாருக்கு நல்லது என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். ஜிம் நடத்துகிறவர்களுக்கு இந்த அவஸ்தையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜனவரியில் சேர்ந்து சங்கராந்திக்குள் காணாமல்போனவர்களே, நீங்களும் நம்ம கூட்டம்தான், வந்து உட்காருங்கள்.

நான் குடிபாலாக்காரன். சித்தூரில் காலேஜ் படித்தபோது பளு தூக்கினேன். இப்போது திருப்பதியில் ஒரு மாடியில் சின்னதாக ஜிம் வைத்திருக்கிறேன். கண்ணாடி கம்மி, இரும்பு ஜாஸ்தி. எனக்கு வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.

சாம்பியனின் சாப்பாடு

ராகவன் முதல்நாள் வந்தபோது நெற்றியில் திருமண், கையில் போன். ஒல்லியான உடம்பு, நல்ல உயரம். போனில் யாரோ ஒரு சாம்பியனின் ஆறு நாள் அட்டவணை. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என்று சனிக்கிழமை வரைக்கும் கல்யாணச் சாப்பாடு மாதிரி நீண்டுகொண்டே போகிறது. "இதுக்கு முன்னாடி எவ்ளோ நாளு தூக்கிக்கினு இருந்தே?" என்றேன். ஒரு நாள்கூட இல்லையாம். "அப்போ இது உனக்கு எதுக்குப்பா? அவரு பத்து வருஷம் தூக்கிட்டு இங்க வந்து நிக்கிறாரு. நீ இன்னும் செருப்பே கழட்டல" என்று கத்தினேன்.

பையன் கோபப்படவில்லை. நிதானமாக விஷயத்தைச் சொன்னான். அவர்கள் பேட்டைப் பெருமாள் கோயிலில் அவன் அப்பா ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாள் வீதி வலம் வரும்போது வாகனத்தின் தண்டைத் தோளில் சுமக்கிறவர். முட்டி தேய்ந்துவிட்டது, இனி பாரம் ஏற்றினால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரே தண்டில் நிற்கிறவர்கள் உயரம் ஒத்துப்போக வேண்டும். அப்பாவின் இடத்துக்கு அந்த உயரத்தில் வேறு ஆள் இல்லை, மகனைத் தவிர. மகனுக்குத் தெம்பு போதாது என்று இந்தப் பிரம்மோற்சவத்துக்கும் தானே தோள் கொடுப்பதாக அப்பா பிடிவாதமாக இருக்கிறார். ராகவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னான்: "அப்பா தூக்கறதை நிறுத்தணும் மாஸ்டர். அதுக்கு நான் தூக்கணும்."

மலையேறி வந்த கால்

ராகவனுக்கு வாரம் மூன்று நாள் போட்டுக் கொடுத்தேன். இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்குமேல் தூக்குவது, அவ்வளவுதான். முதலில் பிளேட்டே இல்லாத வெறும் பார், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். புதிதாக வருகிற யாருக்கும் இதற்குமேல் வேண்டாம் என்பது என் கட்சி. அதே நேரத்தில் வருகிற இன்னொருவர் முனிரத்தினம். புத்தூர்க்காரர், இங்கே தேங்காய் மண்டி வைத்திருக்கிறார், ஐம்பதைத் தாண்டிய ஆள். அவருக்கு அட்டவணை என்றால் வேதவாக்கு. கால் பயிற்சி என்று எழுதியிருந்தால் இடி விழுந்தாலும் கால் பயிற்சிதான்.

ஒருநாள் அவர் வெறும் பாரோடு ஸ்குவாட்டில் இறங்கினார், ஏறவில்லை. நானும் ராகவனும் ஓடிப்போய் பாரை வாங்கிக்கொண்டோம். மனிதர் அப்படியே தரையில் சம்மணம் போட்டுவிட்டார். விசாரித்தால், முந்தின நாள்தான் வேண்டுதலுக்காக அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறியிருக்கிறார்! "ஏன்யா, வந்த உடனே சொல்லக் கூடாதா?" என்று எகிறினேன். அவர் தொடையைத் தடவிக்கொண்டே, "மேல ஏத்துனது கோவிந்தன். கீழ உக்கார வச்சது நீ. இப்ப எழுப்புறது யாரு நைனா?" என்றார்.

கணக்கில் வராத தண்ணீர்

அடுத்த வாரமே ராகவன் தடுமாறினான். போன வாரம் சுலபமாகத் தூக்கிய பார் இந்த வாரம் தரையை விட்டு நகரவில்லை. பலம் போய்விட்டது, தனக்கு இது ராசியில்லை என்று மூலையில் உட்கார்ந்துவிட்டான். முனிரத்தினத்திடம் பட்ட புத்தி இருந்ததால், "காலையிலிருந்து என்னென்ன செஞ்சே, ஒண்ணு விடாம சொல்லு" என்றேன்.

அது கோயிலில் அவன் குடும்பத்துக்கு முறை வாரமாம். விடிவதற்கு முன்னால் எழுந்து, பெருமாளை நீராட்டும் திருமஞ்சனத்துக்குக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர், அப்புறம் மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியத் தளிகைப் பாத்திரங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துத்தான் நகர்த்த வேண்டுமாம். அவ்வளவும் முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்து டெட்லிஃப்ட்! தலையில் அடித்துக்கொண்டேன். முறை வாரத்தில் ஒரே ஒரு நாள் வா, மற்ற வாரங்களில் மூன்று நாள், அர்த்தமாயிந்தா என்று தெலுங்கிலும் ஒருமுறை உறைக்கச் சொன்னேன். முதல் நாளே ஏன் இதைச் சொல்லவில்லை என்றதற்கு ஆச்சரியத்தோடு பார்த்தான். "அது கைங்கர்யம் மாஸ்டர், எக்சர்சைஸ் இல்லையே!"

திங்கட்கிழமைச் சங்கடம்

முனிரத்தினத்துக்கு நேரம் கிடைப்பது காலை ஏழரைக்குத்தான். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். ஆகவே திங்களில் பாரைத் தொட மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு ஒன்பதுக்கு மண்டி திறக்கப் போய்விடுவார். நாள் மாற்றலாம் என்றால் செவ்வாயில் எதையும் ஆரம்பிக்க மாட்டாராம். புதன், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டே நாளாக மாற்றிக் கொடுத்தேன். அந்த வயசுக்கும் வேலைக்கும் அதுவே தாராளம். ராகவனையும் திங்களில் தூக்காதே என்று அவர் எச்சரித்தார். ராகவன் பாருக்கடியில் புகுந்தபடியே பதில் சொன்னான்: "பெருமாளே வீதிக்கு ராகுகாலம் பார்த்துண்டு வர்றதில்லை மாமா, இரும்புக்கு என்ன?"

நிற்கத் தெரியாதவன்

சில மாதத்தில் ராகவன் தன் எடையைவிட அதிகமாகத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தான். எனக்கு ஒரே பெருமை. ஏகாதசிப் புறப்பாட்டுக்குச் சின்னப் பல்லக்குதான், அதில் தோள் கொடுத்துப் பார்க்கக் கோயிலில் சொன்னார்கள். மறுநாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தான். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லையாம். வீட்டுக்கு வீடு நிறுத்தி ஆரத்தி காட்டும்போதுதான் கால் வெடவெடத்து, பல்லக்கே ஆடிப்போயிருக்கிறது. பாதி வீதியில் அப்பா வந்து தோளை மாற்றிக்கொண்டாராம். சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது.

எனக்கு என்மேலேயே எரிச்சல். ஜிம்மில் பார் இரண்டு தோளிலும் உட்காரும். தண்டு ஒரு தோளில்தான். ஜிம்மில் ஒரு செட் முடிந்தால் கீழே வைக்கலாம். பெருமாளை எங்கே வைப்பது? தாங்கிகளுக்குத் தலைவர் வரதன் மாமா அவன் அப்பாவிடம் சொன்னதை ராகவன் அப்படியே ஒப்பித்தான்: "உம்ம பிள்ளை நன்னாத்தான் தூக்கறான். நிக்கத்தான் தெரியலை."

சவுக்குக் கட்டை

ஊருக்குப் போய் நல்ல சவுக்குக் கட்டை ஒன்று கொண்டுவந்தேன். நடுவில் பிளேட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனை ராகவன் தோளில், மறுமுனை முனிரத்தினம் தோளில். அவர் குள்ளம் என்பதால் அவர் பக்கம் தோளில் துணியை மடித்து மடித்து உயரம் கூட்டினோம். பத்தடி நடை, அப்புறம் நிற்பது. நான் எதிரில் நின்று டீ குடித்து முடிக்கும்வரைக்கும் நிற்க வேண்டும். பிறகு தோள் மாற்றி மறுபடியும். தண்டு வலது பக்கம்தானே, இடது எதற்கு என்று ராகவன் கேட்டான். ஒரு பக்கமே வளர்ந்தால் முதுகு கோணிக்கொள்ளும் என்று அதட்டினேன். ஸ்குவாட்டைக் குறைத்தேன், நிற்பதைக் கூட்டினேன்.

புதிதாகச் சேர வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப்போனதும் உண்டு. நான் வேண்டுமென்றே டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பேன். முனிரத்தினம் வியர்வை கொட்டக்கொட்ட முறைத்தார். "சும்மா நிக்கறதுக்கு ஃபீஸ் வாங்குற ஒரே ஆளு இந்த ஜில்லாவுலயே நீதான்!"

சூரியப் பிரபை

பிரம்மோற்சவத்தில் சூரியப் பிரபை வாகனம் காலையில் புறப்படும். நானும் முனிரத்தினமும் வீதி ஓரத்தில் போய் நின்றோம். பின்தண்டில் ராகவன். அவன் பக்கத்திலேயே, தோளில் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு அவன் அப்பா, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். மகன் தடுமாறினால் அந்த நிமிஷமே உள்ளே நுழைய அவர் தயார்.

எங்களுக்கு எதிர்வீட்டு வாசலிலேயே வாகனம் நின்றது. ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்துபோய், மறுபடி கொண்டுவர வீட்டுக்குள் போனவர்கள் வரவே இல்லை. வெயில் நேராக முகத்தில். ராகவன் முட்டி லேசாக நடுங்கியது. அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். வரதன் மாமா திரும்பிப் பார்த்தார். "நில்லுடா, நில்லுடா" என்று முனிரத்தினம் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். ராகவன் மூச்சை இழுத்து, பாதத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்து, நின்றான். வாகனம் ஆடவில்லை. கற்பூரம் வந்தது, ஆரத்தி முடிந்தது, தண்டு நகர்ந்தது.

அப்பா கூடப் போகவில்லை. தோளில் இருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் வந்து ஜனங்களோடு ஜனமாக நின்று, போகிற வாகனத்தையே பார்த்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது அவர் காதில் விழவே இல்லை. கைகூப்பியபடி சொன்னார்: "இத்தனை வருஷம் தண்டுக்கடியிலேயே நடந்துட்டேன். பெருமாள் வீதியிலே வர்ற அழகை இன்னிக்குத்தான் சேவிச்சேன்."

சாம்பியனின் ஆறு நாள் அட்டவணை இப்போது ராகவன் போனிலிருந்து முனிரத்தினம் போனுக்குப் போயிருக்கிறது, அதை ஆரம்பிக்க அவர் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் இப்போதைக்கு யாருக்கும் ஆபத்தில்லை.