வாயோரம் ஒரு மடிப்பு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பி ஆலையில் மழையில் நனைந்த இரும்பின் வாடை எழும்போதெல்லாம், மணவாள நகருக்குப் பின்னால் இருந்த குதிரை லாயம் என் நாக்கில் வந்து நிற்கிறது. நாக்கில்தான். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்டவள் என் அம்மா. அவளுக்குத் தெரியாமல், ராணி என்ற செவலைக் குதிரையின் கடிவாள இரும்பை ஒருநாள் நான் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புல்லும் எச்சிலும் கலந்த சுவை, பல் கூசும் குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சி ராணிக்குத் தெரியக்கூடாதென்று, மார்கழிக் காலைகளில் அம்மா அந்த இரும்பை அக்குளில் இடுக்கிக்கொண்டே லத்தி அள்ளுவாள். சூடேறியதும் மாட்டிவிட்டு, குதிரையின் வாயோரத்தை விரலால் தடவுவாள்.

"ஒரே ஒரு மடிப்பு வுழணும்டி. லூசா இருந்தா பல்லுல இடிக்கும், டைட்டா இருந்தா வாய் கிழியும்" என்று ராணியிடமே சொல்லிக்கொண்டிருப்பாள்.

லாயத்தை மூடி அந்த இடத்தைக் குடோனுக்குக் கொடுத்தபோது, ராணியை வாங்கியவர் புதுக் கடிவாளத்தோடு வந்தார். அம்மா அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற? லாரி நிக்குது."

"இரும்பு சில்லுனு கீது சார், கொஞ்சம் இருங்க" என்றாள் அம்மா.

அப்போது சித்திரை மாதம், உச்சி வெயில்.