தம்பியின் பெயர் மேல் ஒரு கோடு

இந்தியாவில் தேர்தல் என்றால் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்கும் வேலை ஓடாது. எங்கள் மாடிக் குடியிருப்பின் எல்லாத் தொலைக்காட்சிகளும் ஒரே நேரத்தில் கத்தும். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் யார் முன்னுக்கு நிற்கிறார் என்று, அங்கே கால் வைத்தே அறியாதவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். பிறகு தீர்ப்பு தொடங்கும். வோட்டுக்குக் காசு வாங்குகிற சனம், மிக்ஸிக்கும் சேலைக்கும் நாட்டை விற்கிற சனம், இதுகளுக்கு எதற்கு ஜனநாயகம்? கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் இன்னும் ஒரு படி மேலே போவார். எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது, நாங்கள் படித்த சனம் என்பார். அந்த இடத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

ஏன் இல்லை என்பதை இப்போதுதான் எழுதுகிறேன். அம்மா போய்விட்டார், அதனால் எழுத முடிகிறது.

யுத்த காலம் அது. கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் வாடகை வீட்டில் அம்மாவும் நானும் தம்பியும் இருந்தோம். நான் பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தம்பி ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் கிளார்க். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வேலைக்குப் போனான். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கித் தேநீர் குடித்ததைக் கடைக்காரர் கண்டிருக்கிறார். யார்டுக்கு அவன் போய்ச் சேரவில்லை. பொலிஸ், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை வாசல் எல்லாம் ஏறி இறங்கினோம். அந்தக் காலத்தில் கொழும்பில் அப்படிப் போனவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. அதனால் அது யாருக்கும் ஒரு செய்தியாக இருக்கவில்லை.

வருடா வருடம் கிராம சேவகர், எங்கள் வாயில் ஜீ.எஸ்., வாக்காளர் இடாப்புக்கான, அதாவது வாக்காளர் பட்டியலுக்கான, படிவத்தைக் கொண்டுவருவார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று குடியிருப்பவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அந்தப் படிவத்தை ஒருவரும் உண்மையாக நிரப்பியதில்லை. கனடாவுக்குப் போய்ப் பிள்ளை பெற்றவளும் அதில் இருப்பாள், லண்டனில் கடை வைத்திருப்பவனும் இருப்பான். பெயரை வெட்டினால் நாளைக்குப் பள்ளிக்கூட அனுமதிக்கோ பொலிஸ் பதிவுக்கோ இடாப்பில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இன்னொரு பயத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பெயரை வெட்டினால் அந்த ஆள் இனி வரமாட்டான் என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. செத்துப்போன தன் மனிசனின் பெயரை ஏழு வருடம் வெட்டாமல் வைத்திருந்த ஒரு பள்ளிக்கூட ரீச்சரை எனக்குத் தெரியும். கணக்குப் பார்த்தால் எங்கள் ஒழுங்கையின் வாக்காளர்களில் பாதிப்பேர் மூச்சு விடாதவர்கள் அல்லது இந்த நாட்டில் இல்லாதவர்கள்.

அம்மாவும் தம்பியின் பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில் கிளார்க் என்றே எழுதினார். ஜீ.எஸ். படிவத்தைப் பார்த்து, மகன் இருக்கிறாரா என்று கேட்டால், “வேலைக்குப் போட்டான்” என்பார். அது பொய்யும் இல்லை. வேலைக்குத்தானே போனான். நாலு வருடம் அப்படியே போனது.

அந்த நாலாவது வருடம் தேர்தல் வந்தது. தபால்காரர் மூன்று வாக்காளர் அட்டை கொண்டுவந்தார். தம்பியின் பெயர் அச்சில் பளிச்சென்று இருந்தது. அம்மா மூன்றையும் சாமித் தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் விளக்கு ஏற்றும்போது அவனுடைய அட்டையை மட்டும் எடுத்துப் பார்ப்பார்.

தேர்தலுக்கு முந்திய நாள் பின்னேரம் ஒருவர் ஒழுங்கையில் வீடு வீடாக வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு கட்சி அலுவலகத்தில் வேலை செய்கிறவர், வெள்ளைச் சட்டை, கையில் துணிக்கடைப் பை. பை நிறைய அட்டைகள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்.

“அக்கா, வெளிநாட்டில இருக்கிறவையின்ர கார்ட் இருந்தாத் தாங்கோ. சும்மா கிடந்து வீணாத்தானே போகுது.”

எங்கள் வீட்டில் வெளியில் போனவர்கள் இல்லை, காணாமல் போனவன்தான் இருக்கிறான் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் போகவில்லை. எப்போது, எங்கே, யாரிடம் முறைப்பாடு செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காணாமல் போனவர்களுக்கென்று விசாரணைக்குழு ஒன்று இருக்கிறது, அங்கே எங்கள் முறைப்பாடு தூங்குகிறது என்று சொன்னேன். மேலிடத்துக் கடிதம் ஒன்று போனால் அந்தக் கோப்பை எடுப்பார்கள், கடிதத்தைத் தான் எடுத்துத் தருவதாகச் சொன்னார். பிறகு சாமித் தட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானே போய்த் தம்பியின் அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

காசு வாங்கவில்லை. அதைத்தான் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். வோட்டு யாருக்குப் போனாலும் போகட்டும், தம்பியைத் தேடத்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். ஊழல் செய்கிற எவனும் இப்படித்தான் தனக்குள் ஏதாவது சொல்லிக்கொள்வான். எங்கள் வோட்டை யாரோ களவெடுக்கிறார்கள் என்று சனம் ஒப்பாரி வைக்கிறது. களவெடுக்கிறவன் கதவை உடைக்கத் தேவையே இல்லை. நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நியாயத்தோடு.

தேர்தல் அன்று காலை விளக்கை நானே ஏற்றினேன், அம்மாவுக்கு அவருடைய அட்டையை எடுத்துக் கொடுத்ததும் நான். அம்மா சாமித் தட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகளின் மேசைகளுக்குப் பின்னால் உத்தியோகத்தர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம். உங்கள் பெயரை உத்தியோகத்தர் உரத்து வாசிப்பார். சுவரோரம் வாங்கில் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் கேட்பார்கள். பிறகு அடிமட்டம் வைத்து இடாப்பில் உங்கள் பெயரின் மேல் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு விழுந்தால் வந்து போட்டாயிற்று என்று அர்த்தம்.

அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டது. கோடு விழுந்தது. அம்மா நகரவில்லை. அவருக்குக் கீழே என் பெயர், எனக்குக் கீழே தம்பியின் பெயர். தம்பியின் பெயரின் மேல் ஏற்கெனவே கோடு இருந்தது.

“இது என்ர மகன்ர பேர். இந்தக் கோடு ஆர் போட்டது?”

இடாப்பு வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் வாத்தியார், அமைதியான மனிசன். “அவரு வெள்ளனயே வந்து போட்டுட்டுப் போயிட்டாரேம்மா” என்றார்.

கொடுத்தவள் நான். இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் அந்த ‘வந்து’ என்ற சொல்லைச் சொன்னபோது நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அழவில்லை, கத்தவில்லை. நகத்தில் மை பூசக் கையை நீட்டினார். வோட்டைப் போட்டார். வெளியே வந்து செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வீட்டுக்கு ஓடினார்.

நான் வீட்டுக்குப் போனபோது அவர் சாமித் தட்டுக்கு முன்னால் நின்றார்.

“பார் பிள்ளை, அவன்ர கார்ட் இல்லை. வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.”

அவர் அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொடியில் தம்பியின் துவாய் நாலு வருடமாக அங்கேயே தொங்கியது. தொட்டுப் பார் என்றார். ஈரமாக இருந்தது. கடற்காற்றில் எங்கள் வீட்டில் எதுவும் முழுதாய்க் காய்வதில்லை, உப்புக்கூடக் கசியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் தொங்கிய என் துவாயைத் தொட்டுப் பார்த்தேன். அது காய்ந்திருந்தது.

அன்றையிலிருந்து அம்மா முன்கேற்றைக் கொளுவிப் பூட்டவில்லை. சோறு போடும்போது மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் நடக்கும்போது முகங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஆண்களின் இடது கைச் சின்ன விரலைப் பார்க்கத் தொடங்கினார். முகம் மாறியிருக்கும், மெலிந்திருப்பான், தாடி வைத்திருப்பான், மை இருக்கும்தானே என்றார். தெரு முழுக்க மை பூசிய விரல்கள். ஒருநாள் மரக்கறிச் சந்தையில் ஒரு சிங்கள ஆளின் கையை அப்படியே பிடித்துவிட்டார். அந்த ஆள் கையை இழுக்கவில்லை. அம்மே, என்ன தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, அம்மா விடும்வரை நின்றார். அந்த மனிசனை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகை வரும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தத் துணிக்கடைப் பைக்காரரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனேன். எவனை அனுப்பினீர்கள், அவன் என்ன வயது, என்ன நிறம், வாயைத் திறந்து என் தம்பியின் பெயரை எப்படிச் சொன்னான் என்று தெரிய வேண்டும். தெரிந்தால் அம்மாவிடம் சொல்லி இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பைக்காரர் மேசை லாச்சியை இழுத்தார். ரப்பர் பான்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து அதிலிருந்து ஓர் அட்டையை உருவி என் முன்னால் வைத்தார். தம்பியின் அட்டை. மடிப்புக்கூட இல்லாமல், நான் கொடுத்தபடியே இருந்தது.

“இதை நாங்கள் பாவிக்கேல்லை அக்கா. எங்கட ஆள் போகேக்குள்ளயே அந்தப் பேர் வெட்டிக் கிடந்ததாம்.”

அப்படியென்றால் யார் போட்டது என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். மற்றக் கட்சியாக இருக்கும், அவர்களிடமும் இடாப்பு இருக்கிறதே, அட்டை இல்லாமலும் பெயரைச் சொல்லிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு என்ன? எனக்குப் புத்தி இருக்கிறது, அலுவலகத்தில் பத்து வருடம் வேலை செய்தவள். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேற்றைத் திறந்தபோது, உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் வெளியிலேயே நின்று கேட்டேன்.

அட்டையை அம்மாவிடம் காட்டவில்லை. கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாள் போனது.

அந்தப் பைக்கார மனிசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்ல வேண்டும். கடிதம் போனது. விசாரணைக்குழு எங்களைக் கூப்பிட்டது. நாலு வருடம் நாங்கள் கெஞ்சி நடக்காத காரியம், ஒரு அட்டையால் நடந்தது. அந்த அறையில் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் தம்பியின் கோப்பை விரித்து வைத்திருந்தார். முகத்தில் களைப்பு இருந்தது, ஆனால் கெட்ட மனிசன் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, அம்மா சொல்வதை நான் சிங்களத்தில் சொன்னால் போதும் என்றார். கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடைக்காரரின் பெயரைக் கேட்டு எழுதினார். அவரையும் யார்டுக்காரர்களையும் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார். முதல்முறையாக ஒருவர் தேடப் போகிறேன் என்று எங்களிடம் சொன்னார்.

கடைசியாக வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஐயாவுக்குச் சொல்லு பிள்ளை. என்ர மகன் உயிரோட இருக்கிறான். எலக்சனுக்கு வந்து வோட்டுப் போட்டவன். நான் என்ர கண்ணால கோடு பார்த்தனான். கவுண்மேந்துப் புத்தகத்தில இருக்கு எண்டு சொல்லு.”

அட்டை என் மடியில் கைப்பைக்குள் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தால் போதும். அது குற்றம், என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் போடலாம், வேலை போகும். அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, அம்மாவின் முகம் பக்கத்தில் இருந்தது. நாலு வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சொன்னால் அந்த முகத்தை அணைப்பது நானாக இருக்கும். வேறு ஏதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம், அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாகப் புரியாது. அதுவும் எனக்கு வரவில்லை. அம்மா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன்.

உத்தியோகத்தர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். நீங்களும் அந்தக் கோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். என் அறிவுக்கு, மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். பார்த்தேன் என்றேன். அது உண்மை.

அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தேநீர்க்கடைக்காரரின் பெயர் எழுதிய தாளைக் கோப்பின் அடியில் வைத்தார். வேறொரு தாளை எடுத்து, ஆள் வாக்களித்திருப்பதாகக் குடும்பத்தார் தெரிவிப்பதால் மேலதிக விசாரணை தேவையில்லை என்று எழுதி, வாசித்துக் காட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். வெளியே வந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, நீ சொன்னபடியால்தான் அந்த மனிசன் நம்பினவன் என்றார்.

அதற்குப் பிறகு என் தம்பியை யாரும் தேடவில்லை.