முழங்கை ஏரியா, வாணலி ஏரியா

வெல்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயோமிங்கின் பனிச்சாலைகளில் இத்தனை வருடம் ஓட்டியும் வண்டியை ஒருமுறைகூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அப்படிப்பட்டவள் செப்டம்பர் மாதத்தில் ஒரு சாயங்காலம், சமையலறை மேசையில் விரித்திருந்த மலை வரைபடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் ராய்ஸ் தனியாக மலை ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறானாம். வசந்தத்தில்தான் அவன் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"மரம் வளர்ற எல்லைக்கு மேல காத்து பத்தாது, ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். அவருக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? எந்த ஏரின்னு சொல்லிட்டுப் போ. பொணத்தைத் தேடி மலை மலையா அலைய என்னால முடியாது."

இந்த ஊர் ஆம்பிளைகள் கல்யாண நாளை மறப்பார்கள், நல்ல மீன் கிடைக்கிற ஏரியின் பெயரை மட்டும் வாய்தவறியும் விடமாட்டார்கள். மலையேறுகிறவன் தீவனக் கடை நாரிஸிடம் இடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். மீட்புக் குழுவை நடத்துவது நாரிஸ்தான். சொல்லுவார்கள், பொய்யைச் சொல்லுவார்கள். ஏன் என்று கேட்டால், கடையில் நாலு காது இருக்குமாம்.

ராய்ஸ் காபியை ஊதிக் குடித்தான். "முழங்கை ஏரி. சுத்தி மரந்தான். திருப்தியா?"

வெல்டாவுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. சூப்பில் உப்புக் குறைந்தால்கூட அரைநாள் வாதாடுகிற மனுஷன் இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வந்தானே என்று அவள் யோசிக்கவில்லை. உலர்த்திய மான் இறைச்சி, கம்பளி, மாத்திரை என்று பைகளை நிரப்ப ஆரம்பித்தாள்.

"ஏரிக்குப் போறேனா, சண்டைக்குப் போறேனா? குதிரை பாவம்டி."

"குதிரைக்கு நுரையீரல் முழுசா இருக்கு. நீ மூடிக்கிட்டு இரு."

சனிக்கிழமை போனான். ஞாயிறு இருட்டுவதற்குள் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. திங்கள் காலையில் மலையை மேகம் மூடி, பனித்தூறல் தொடங்கிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் வெல்டா காலிப் பேருந்தை நேரே நாரிஸின் கடைக்கு ஓட்டினாள். விவரம் கேட்டதும் நாரிஸ் ஆட்களைத் திரட்டிக் குதிரைகளுக்குச் சேணம் கட்டச் சொன்னார்.

"உங்ககிட்ட எந்த ஏரின்னு சொன்னான்?"

"முழங்கை."

நாரிஸ் நெற்றியைச் சொறிந்தார். "என்கிட்ட வாணலி ஏரின்னான்."

வாணலி ஏரி வடக்கே வேறு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மரமே கிடையாது, மொட்டைப் பாறை. ஹெலிகாப்டர் பறக்க மேகம் விடாது. இருக்கிற ஆட்களும் ஒரு வழிக்குத்தான் போதும்.

"என்கிட்ட எவன் உண்மையைச் சொல்லியிருக்கான், வெல்டா? எங்கப்பாவே சொன்னதில்ல. பொண்டாட்டிகிட்ட சொன்னதுதான் உண்மையா இருக்கும். நாங்க முழங்கைக்கே கிளம்புறோம்."

ஊர் வழக்கப்படி அது சரிதான். வெல்டாவுக்கும் அதை நம்பத்தான் ஆசை. எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது? ஆனால் அந்தச் சாயங்காலம் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அவன் வாதாடவே இல்லை. பயத்தைவிட முதலில் வந்தது கோபம். வீட்டுக்குள்ளேயே அவளை ஏய்த்துவிட்டு, கடைக்காரனிடம் உண்மையைக் கொடுத்திருக்கிறான். அவள் சொல்லும் ஏரி தப்பாகிவிட்டால் அவனைக் கொன்றவள் அவள்தான், அதுவும் தெரிந்தது.

"வாணலிக்குப் போங்க, நாரிஸ்."

"அப்ப உங்ககிட்ட சொன்னது?"

"பொய். மீனுக்காகச் சொன்ன பொய் இல்ல. நான் ராத்திரி தூங்கணும்னு சொன்ன பொய். செத்துக்கித்துப் போனா தேடி வரணுமேன்னு உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கான்."

நாரிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். ஆட்களுக்குக் கைகாட்டினார். குதிரைகள் வடக்கே திரும்பின.

பகல் முழுக்க அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளை வீட்டு வாசல்களில் விட்டுவிட்டு, பேருந்தைச் சாலையோரம் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்கே அனுப்பியிருக்கலாமோ என்று மனம் அரித்தது. அப்போதுதான் போன் அடித்தது. நாரிஸ் மூச்சிரைக்கப் பேசினார்.

"இருக்கான், வெல்டா. வாணலிக் கரையில. கால் உடைஞ்சிருக்கு, மூச்சு மோசமாத்தான் இருக்கு, ஆனா இருக்கான். கீழே கொண்டுவந்துட்டோம்."

வெல்டா ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். நாரிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்களைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் விஷயம் என்ன தெரியுமா? முழங்கையில கண்டுபிடிச்சோம்னு உங்ககிட்ட சொல்லணுமாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. நான் நம்பிட்டேன்னு அவன்கிட்ட சொல்லுங்க."