பாத்திரத்தில் முதலில் குடிப்பவர்

நான் துப்பறியும் கதை எழுதுகிறவள். ஆண் பெயரில் எழுதுகிறேன். மாத நாவலாக வந்து, பேருந்து நிலையக் கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப்பில் தொங்கும். என் வீட்டுக்காரர் கிறிஸ்தவக் குருவானவர். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்பார்கள். அதனால் ஊருக்கு நான் ஐயரம்மா. ஐயரம்மா கொலைக்கதை எழுதுவது சபைக்கே தெரியும். வாங்கிப் படித்துவிட்டு எனக்கு நேரே முகம் சுளிப்பார்கள். போகட்டும், அதற்கெல்லாம் கோபப்பட்டால் ஒரு ஆயுசு போதாது.

நான் கோபப்பட்டது அசனத்துக்கு. அப்போது நாங்கள் சாத்தான்குளத்துக்கு மேற்கே ஒரு சேகரத்தில் இருந்தோம்; சில ஊர்ச் சபைகள் சேர்ந்து ஒரு குருவானவருக்குக் கீழே இருந்தால் அது சேகரம். கோயில் பண்டிகை முடிந்ததும் சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும். அதுதான் அசனம். பந்திதான் ஒன்று, அடுப்படி அப்படியில்லை. வடக்குத் தெருப் பெண்கள் சமைப்பார்கள். தெற்குத் தெருப் பெண்கள் விறகு சுமப்பார்கள், கடைசியில் கிடாரம் கழுவுவார்கள். குழம்பில் அவர்கள் கரண்டி போடக்கூடாது. இரண்டு தெருவும் நான்கு தலைமுறையாக ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவை. தூ!

தெற்குத் தெருவில் ஒரு விதவை இருந்தாள். என் வயதுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. வடக்குத் தெருப் பிள்ளைகளே அங்கே அவள் கையால் மூன்று வேளையும் தின்றார்கள். அவளே ஊருக்கு வந்தால் கையில் சாம்பலும் தேங்காய் நாரும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் சங்கக் கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயரம்மா, என் மவளுக்கு தை மாசம் கல்யாணம். பொறவு நானும் அவகூட போயிருவேன். இந்த ஒரு அசனத்துக்கு நான் குழம்பு வைக்கேன். இந்த ஊரு என் கையால ஒரு வாய் திங்கணும். வேற ஒண்ணும் கேக்கல.”

“வை. எவன் தடுக்கான்னு பாக்கேன்” என்றேன்.

சங்கத் தலைவி நான்தான். சமையல் பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதிக் கோயில் கதவில் ஒட்டினேன். அன்று சாயங்காலமே சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். வடக்குத் தெருக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார்.

“கர்த்தருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான் ஐயரம்மா. ஆனா சனங்க சாப்பிடணும்லா?”

“பசிச்சா சாப்பிடுவாவ.”

என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, “பைய செய்வோம், பைய செய்வோம்” என்றார். பிரசங்க பீடத்தில் ஏறினால் சமத்துவத்தைப் பற்றி மனிதர் கண்ணீர் வரவழைப்பார். கமிட்டியில் உட்கார்ந்தால் கழுவுற மீனில் நழுவுற மீன்.

பத்தே நாளில் மொட்டை மனு வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு மூத்த குருவானவர் விசாரணைக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் சபையை உட்காரச் சொன்னார். மனுவிலிருந்து இரண்டு வரி மட்டும் வாசித்தார். ஐயரம்மா கொலைக்கதை எழுதுகிறாள், சபையில் சாதிச் சண்டை மூட்டுகிறாள். குருவானவரை உடனே வேறு சேகரத்துக்கு மாற்றவேண்டும். மீதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் கதைகளில் துப்பறிகிறவர் கடைசி அத்தியாயம் வரை வாயைத் திறக்கமாட்டார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எழுந்து நின்று வாத்தியாரை நோக்கிக் கையை நீட்டினேன்.

“எழுதினது இவருதான்! பேரு போட தைரியம் இல்லாத பயந்தாங்கொள்ளி!”

என்னிடம் இருந்த சாட்சி என்ன? பட்டியலை எதிர்த்தவர் அவர், அவர் மருமகன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான், மனு டைப் அடித்து வந்திருக்கிறது. இவ்வளவுதான். வாத்தியார் நேரே முன்னால் போய்ப் பைபிளில் கை வைத்து, தான் எழுதவில்லை என்று சத்தியம் செய்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார். வடக்குத் தெரு மொத்தமும் எழுந்து நின்றது. ஐயரம்மா மன்னிப்புக் கேட்கணும், பட்டியலைக் கிழிக்கணும், இல்லாவிட்டால் இந்த வருஷம் அசனமே கிடையாது என்றார்கள். நான் கேட்காத மன்னிப்பை என் வீட்டுக்காரர் எனக்காகக் கேட்டார். பட்டியலையும் அவரே கிழித்தார். தெற்குத் தெருப் பெஞ்சில் அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் நாக்கில் சனி. அவள் கைக்கு வரவிருந்த கரண்டியை நானே தட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ஏரல் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. அவர் ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்ததால் உறையை நான் பிரித்தேன். உள்ளே மனுவின் நகலும் இருந்தது. மூன்றாவது பத்தியில் இப்படி எழுதியிருந்தது: ‘இப்போது எழுதும் கதையில், நற்கருணைப் பாத்திரத்துத் திராட்சரசத்தில் விஷம் கலந்து குருவானவரையே கொல்கிறாள்.’

அந்தக் கதை இன்னும் அச்சுக்கே போகவில்லை. நோட்டு என் தையல் மெஷின் டிராயரில், துணிக்கு அடியில் கிடந்தது. அந்த நோட்டிலும் சாகிறவர் குருவானவர் இல்லை, ஒரு பணக்கார மூப்பர். ஒரு மத்தியானம் முறுக்குத் தின்றபடி அதை வாசித்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். “பாத்திரத்துல மொதல்ல குடிக்கிறது குருவானவர்லா? செத்தா அவருதான் மொதல்ல சாவணும்” என்றார். சரி, மாற்றிவிடுகிறேன் என்றேன். இன்னும் மாற்றவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

அவர் வந்ததும் நகலை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“உனக்காகத்தான் எழுதினேன். ரெண்டு தெருவும் அடிச்சுக்கிட்டா மொத கல்லு நம்ம வீட்டுலதான் விழும். நானே மாத்தல் கேட்டா கோழைம்பாவ. மனு போனா மேலிடத்துலயே மாத்திருவாவன்னு நெனச்சேன்.”

“அடப்பாவி மனுஷா! வாத்தியார் அழும்போது பக்கத்துல நின்னு தண்ணி குடுத்தியளே!”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “வெளிய சொல்லிராத” என்றார்.

அசனம் பழையபடியே நடந்தது. மறுநாள் காலையில் எங்கள் சாமான்களை ஏற்ற லாரி வந்து நின்றது. கோயிலுக்குப் பின்னால் அவள் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளப் போனேன்.

“ஐயரம்மா, அந்த மொட்ட மனு எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சியளா? எங்க தெருவுல வாத்தியாருதாம்னு சொல்லுதாவ. பைபிள்ல கை வச்சுப் பொய் சொல்லிட்டாராம்.”

இத்தனை கதையில் ஒரு கொலைகாரனைக்கூட நான் தப்பவிட்டதில்லை.

“தெரியலட்டி” என்றேன்.

அவள் கிடாரத்துக்குள் குனிந்து அடியைத் தேய்த்தாள். பிறகு நிமிர்ந்து லாரிப் பக்கம் பார்த்தாள். என் வீட்டுக்காரர் அங்கிப் பெட்டியைத் தானே தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயரு பாவம். எனக்காவ நீங்க சண்ட போட்டதுல அவியளுக்குத்தான் அலைச்சல். நல்ல மனுசன். அவியள நல்லா பாத்துக்கோங்க.”

“சரி” என்றேன்.