டாக்டர் பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?

ஓசூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி உங்கள் பெயர் அல்ல. "எந்தக் கம்பெனி?" என்பதுதான். பெண் கேட்டுப் போனாலும் அதுவே. அடுத்த கேள்வி, "பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?" இந்த இரண்டுக்கும் சரியான பதில் வந்துவிட்டால், நீங்கள் மூன்று வேளையும் குடிப்பவராக இருந்தாலும் பால் காய்ச்ச நாள் குறித்துவிடுவார்கள். பத்தொன்பது வருடமாக இதே ஊரில் வேலை பார்த்தும் அருள்மேரி சிஸ்டர் ஒரு திங்கட்கிழமை காலையில் இதை மறந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷி.

சிப்காட் தொழிற்பேட்டையில் கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் நர்ஸ். முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு எடை பார்க்கும் மெஷின் இருக்கும். சுவரில் மாதா படத்துக்காக அடித்த ஆணி ஒன்றும் உண்டு. மதச்சார்பின்மை கெட்டுவிடும் என்று எச்.ஆர். சொன்னதால் படம் வரவில்லை, ஆணி மட்டும் நிற்கிறது. வெட்டுக்காயம், கண்ணில் தூசி, மயக்கம், லீவு வேண்டி வருகிற வயிற்றுவலி என்று எல்லாம் அவரிடம்தான் வரும்.

வாரா வாரம் இன்னொரு வேலையும் உண்டு. திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில், மெஷினை ஓட்டுவதற்கு முன் ஐந்து நிமிடக் கூட்டம் நடக்கும். ஹெட் ஆபீஸ் அனுப்பும் 'நலம்' என்ற ஒரு பக்கத்தை எல்லாரும் நின்றபடி கேட்க வேண்டும். வாசிப்பவர் அருள்மேரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பைபிள் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பழக்கம் தொழிற்சாலையிலும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடியுங்கள், முதுகை நிமிர்த்துங்கள் என்கிற பக்கங்களைக்கூட முழுதாக வாசிப்பார். ஆட்கள் கொட்டாவி விடுவார்கள்.

அந்த வாரம் வந்த கட்டுரையின் தலைப்பு, 'சர்க்கரைக்கு ஊசி இனி எதற்கு?' எழுதியவர் பெங்களூரு டாக்டர் ஒருவர். கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் போட்டோ. தானிய மாவு ஒன்றைக் காலையும் மாலையும் கரைத்துக் குடித்தவர்களில் பலருக்கு இன்சுலின் தேவையே குறைந்துவிட்டதாம். அடியில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: 'கட்டுரையாளர் மேற்படி மாவைத் தயாரிக்கும் நிறுவனத்திடமிருந்து ஆலோசனைக் கட்டணம் பெறுகிறார்.'

அருள்மேரி நேராக எச்.ஆர். தினேஷ்குமாரிடம் போனார். "இதை நான் வாசிக்க மாட்டன் சார். மாவு விக்கிறவன்கிட்ட காசு வாங்கிட்டு எழுதியிருக்கார்."

"கீழயே டிஸ்க்ளோஸ் பண்ணிட்டாங்களே சிஸ்டர். லீகலா கிளியர். ஹெட் ஆபீஸ் மேட்டர், வாசிச்சிடுங்க."

சரி, வாசிக்கிறேன், அந்த அடிவரியையும் சேர்த்து வாசிக்கிறேன் என்று முடிவு செய்தார் அருள்மேரி. சத்தமாக, இரண்டு தடவை. காசு வாங்கிய கதை காதில் விழுந்தால் சிரித்துவிட்டுக் கலைந்து போவார்கள் என்பது அவர் கணக்கு.

அவர் கவலை முழுவதும் ஒரு ஆளைப் பற்றியது. இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கும் கோவிந்தப்பன். தளிப் பக்கத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. சேஃப்டி ஷூ கடித்ததில் இடது கால் கட்டைவிரலில் புண். மாதக் கடைசிக்குள் புண் காயாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சொல்லியிருந்தார். விரல் போனால் பிரஸ்ஸில் மிதிகட்டையை மிதிக்க முடியாது. வேலை போகும். ஊசியை ஒரு வேளைகூட விடக் கூடாது. வாரம் ஒரு குப்பியாக அவர் வீட்டுக்கு எடுத்துப் போகும் அந்த மருந்தைத் தன் அறை ஃபிரிட்ஜிலேயே பெயர் ஒட்டி வைத்திருந்தார் அருள்மேரி.

திங்கட்கிழமை வாசித்தார். அடிவரியை நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை.

யாரும் சிரிக்கவில்லை. கொட்டாவியும் விடவில்லை. கோவிந்தப்பன்தான் முதலில் கையைத் தூக்கினார்.

"சிஸ்டர், டாக்டருக்கு கம்பெனியே காசு குடுக்குதா?"

"ஆமாங்க. அதைத்தான் சொல்றன்."

"பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் விளக்கம் கொடுத்தான். "ஆலோசனைனா கன்சல்டன்ட்டுண்ணா. பெரிய கை. நம்ம பழைய பிளான்ட் ஹெட்டு ரிட்டயர் ஆயிட்டு இப்ப கன்சல்டன்ட்டா தான வர்றாரு."

தரை துடைக்கும் மாரம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "கம்பெனிக்காரங்க சும்மா துட்டு எடுத்து வெப்பாங்களா? எனுக்கு ஓவர்டைம் காசே மூணு மாசமா வர்ல. அவுருக்கு குடுக்கறாங்கன்னா அவுருகிட்ட விஷயம் இருக்குது."

டீ பிரேக்குக்குள் அந்தப் பக்கத்தை ஐம்பது பேராவது போனில் போட்டோ எடுத்திருந்தார்கள். எடுத்தவர்கள் அடிவரி விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருடத்தில் அருள்மேரி வாசித்த எதையும் இந்த மக்கள் இவ்வளவு நம்பியதில்லை.

வியாழக்கிழமை கோவிந்தப்பன் கட்டு மாற்ற வந்தார். துணியைப் பிரித்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. சீழ் நாற்றம் நர்ஸுக்குப் பழக்கம். அதன் மேல் இன்னொரு வாசனை மிதந்ததுதான் அருள்மேரியை நிமிர்ந்து பார்க்க வைத்தது. கோவிந்தப்பன் ஏப்பம் விட்டார். வாழைப்பழ எசன்ஸ்.

"ஊசி?"

"அது எதுக்கு சிஸ்டர் இனிமே? அந்த மாவு, மஞ்சள் டப்பா, கடையில வாங்கிட்டன். திங்கக்கெழமையில இருந்து ரெண்டு வேளை."

சர்க்கரை பார்த்தார். நானூற்றுப் பதினெட்டு.

அருள்மேரி அவருக்குப் புரிகிற பாஷைக்கு வந்தார். "உங்க செக்ஷனுக்கு இரும்பு ஷீட்டு வருது. அதை செக் பண்ற இன்ஸ்பெக்டருக்கு, ஷீட்டு விக்கிறவனே பணம் குடுத்தா நீங்க ஒத்துக்குவீங்களா?"

கோவிந்தப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "குடுக்கறானே! போன தீவாளிக்கு ஃபிரிட்ஜே குடுத்தான். ஷீட்டு நல்லாத்தான் ஓடுது."

அந்த ஷீட்டில் அடித்த கீல் மாட்டிய கார் உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கலாம். கதவைக் கொஞ்சம் மெதுவாகச் சாத்துங்கள்.

"நீங்க எதுக்கு சிஸ்டர் இப்படி அடிச்சிக்கிறீங்க? உங்குளுக்கு இதுல என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஒருத்தரும் எனக்கு ஒத்த ரூபா குடுக்கல."

கோவிந்தப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். விசிட்டிங் கார்டு இல்லாமல் வந்த சேல்ஸ்மேனைப் பார்ப்பது போல. "அதான பாத்தன்" என்றார். டாக்டரைப் பாருங்கள் என்று அருள்மேரி எழுதித் தந்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அருள்மேரி கேன்டீனுக்கு ஓடினார். தினேஷ்குமார் அங்கே மேஜை போட்டு மஞ்சள் டப்பாக்களை அடுக்க வைத்துக்கொண்டிருந்தார். நம் ஆட்களுக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி.

"சார், ஆளுங்க ஊசிய நிறுத்திட்டாங்க. கோவிந்தப்பனுக்கு விரல் போயிடும்."

"வாங்க சிஸ்டர், உங்களைத்தான் தேடினேன். செமயா வாசிச்சீங்களாம்! ஹெட் ஆபீஸ்ல செம ஹேப்பி. அந்த அடிவரியை இனிமே போல்டுல போடப் போறாங்க, எல்லா பிளான்ட்லயும். டிரான்ஸ்பரன்ஸி இருந்தா டிரஸ்ட் ஏறுது, பாத்தீங்களா?" ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு, காம்ப்ளிமென்ட்டரி."

அருள்மேரி டப்பாவை மேஜையிலேயே திருப்பி வைத்தார். வைத்த கையில் அந்த எசன்ஸ் வாடை சாயங்காலம் வரை போகவில்லை. இட்லியைப் பிட்டாலும் வாழைப்பழம். குடும்ப ஜெபத்தில் கை கூப்பினாலும் வாழைப்பழம்.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தபோது நகத்தின் ஓரம் கறுத்திருந்தது. அருள்மேரி எழுந்து கதவைச் சாத்தினார்.

"கோவிந்தப்பண்ணா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டன்."

"என்னா சிஸ்டர்?"

"நேத்து ஒருத்தரும் காசு குடுக்கலன்னு சொன்னன் இல்ல? பொய். ஊசி மருந்து பண்ற கம்பெனி எனக்கு மாசா மாசம் குடுக்குது. நீங்க ஊசிய நிறுத்துனா எனக்கு அது கட் ஆயிடும்."

கோவிந்தப்பன் முகத்தில் விளக்குப் போட்டது போல வெளிச்சம் வந்தது. "அடடா! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நா என்னமோ நீங்க வேண்டாத வேலைக்கு கத்தறீங்கன்னு நெனச்சிட்டன். எவ்ளோ குடுக்கறான்?"

"மூவாயிரம்."

"உள்ளூர் கம்பெனியா, ஃபாரினா?"

"ஃபாரின்."

"மாவு கம்பெனி பெங்களூருதான்" என்றார் கோவிந்தப்பன் யோசனையாக. பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

ஊசியைப் போட்டுவிட்டு, அன்றைக்கே அவரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி இ.எஸ்.ஐ. டாக்டரிடம் அனுப்பி வைத்தார் அருள்மேரி. முதல் தடவையாக அவர் முரண்டு பிடிக்காமல் ஏறினார்.

இந்த மாதிரிச் செய்தி கேன்டீனுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? சனிக்கிழமை காலையில் எல்லாருக்கும் தெரியும். காறித் துப்புவார்கள் என்று பயந்துகொண்டே அருள்மேரி கேட்டைத் தாண்டினார். செக்யூரிட்டி எழுந்து வணக்கம் வைத்தான். மாரம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம சிஸ்டரம்மா இவ்ளோ பெரிய ஆளுன்னு இத்தன நாளா தெரியாம போச்சே!" முதலுதவி அறை வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். பிபி பார்க்க வேண்டுமாம். மஞ்சள் டப்பா வாங்கிய ஏழு பேர் ஊசிக்குத் திரும்பினார்கள். ஃபாரின் அல்லவா.

தினேஷ்குமாரும் வந்தார். கதவை அவரே சாத்தினார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. ரூமு நம்ம கம்பெனிது, கரன்ட்டு நம்மது, ஃபிரிட்ஜும் நம்மது. அவங்ககிட்ட வாங்கறதுல மாசம் ஒரு ஆயிரம் நம்ம வெல்ஃபேர் ஃபண்டுக்குக் குடுத்துட்டா நல்லா இருக்கும். ரசீது கேக்காதீங்க."

அப்படி ஒரு பணமே வரவில்லை என்று சொல்ல அருள்மேரி வாயைத் திறந்தார். சொன்னால் அது மதியத்துக்குள் பிரஸ் ஷாப்புக்குப் போய்விடும். கோவிந்தப்பன் மறுபடி வாழைப்பழ ஏப்பத்தோடு வருவார். திறந்த வாயை மூடிக்கொண்டார். தன் சம்பளப் பணத்திலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். தினேஷ்குமார் எண்ணிப் பார்த்துவிட்டு, "நேர்மையான ஆளு சிஸ்டர் நீங்க" என்றார். கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மாதம் முடிந்தது. கறுத்த நகம் போயிற்று. விரல் தப்பிவிட்டது. சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியது. கடைசிக் கட்டைப் பிரித்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டார் அருள்மேரி. கையுறையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை கழுவினார். கோவிந்தப்பன் ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டார்.

"சிஸ்டர், இந்த மாசம் உங்க பணம் வந்துடுச்சா?"

"வந்துச்சுங்க."

"மாசா மாசம் கரெக்டா கேட்டு வாங்கிடுங்க. விட்டுடாதீங்க. அவன் நிறுத்திட்டான்னா, அப்புறம் நா எதை நம்பி ஊசி போட்டுக்கறது?"