ஜெபத்தில் விட்ட பெயர்

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அந்த ஜெபத்தில் பத்து மாதத்துக்கு மேல் ஒரே ஒருவரை மட்டும் சொல்லாமல் விட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. விட்டது என் சித்தியை.

அம்மா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஒரு தை மாதத்தில் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்குக் கோவில்பட்டியில் நூல் மில்லில் வேலை. சபையில் கமிட்டி மெம்பர். எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். சித்தி குளத்தூர்க்காரர். முப்பது வயது வரை கல்யாணம் ஆகாமல், அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு பருத்திக்காட்டு வேலை பார்த்தவர். போதகர் ஐயாவும் அவர் மனைவியும் பேசி முடித்த கல்யாணம் அது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் போதகரும் மனைவியும் வீட்டுக்கு வந்து, அப்பாவையும் சித்தியையும் உட்காரவைத்துப் புத்தி சொன்னார்கள். நான் அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சண்டை வந்தால் வரட்டும், அன்றைக்கும் ஜெபத்தை விட வேண்டாம். கோபம் இருக்கிற நாளில்தான் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி ஜெபிக்க வேண்டும். சொல்லச் சொல்லக் கோபம் இறங்கும். இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. நல்ல யோசனைதான். பெயரைச் சொன்னால் கோபம் இறங்கும் என்றால், சொல்லாவிட்டால் இறங்காது என்பதை நான் அங்கேயே நின்றபடி கண்டுபிடித்துவிட்டேன்.

என் கோபம் சித்தி மேல் என்றுகூடச் சொல்ல முடியாது. அம்மா இருந்தவரை அம்மாவையும் அப்பாவையும் ஆசீர்வதியும் என்றுதான் என் ஜெபம் ஆரம்பிக்கும். அடக்கம் முடிந்த நாலைந்து நாளில் அப்பா என்னைக் கூப்பிட்டு, இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை, அம்மா கர்த்தர் கையில் இருக்கிறாள், இனி அவள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். நானும் நிறுத்திவிட்டேன். ஆனால் ஜெபத்தில் அம்மா இருந்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் கொண்டுபோய்ச் சித்தியை உட்காரவைக்க எனக்கு வாய் வரவில்லை.

பாய் விரித்து மூன்று பேரும் உட்காருவோம். ஒருவர் வேதம் வாசிக்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு ஜெபம். சித்தி அஞ்சாம் வகுப்போடு நின்றவர். நீளமான ராஜாக்களின் பெயர்கள் வந்தால் தடுமாறுவார். நான் வாய்விட்டே சிரிப்பேன். கொஞ்ச நாளில் அவருடைய தடுமாற்றம் நின்றுபோனது. எப்படி என்று பார்த்தால், மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அன்றைக்கு வாசிக்க வேண்டியதை நாலு தடவை வாசித்துப் பார்த்து வைத்துக்கொள்கிறார். அது தெரிந்ததும் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சித்தியின் ஜெபத்தில் முதல் ஆள் நான்தான். என் கணக்குப் பரீட்சை, என் இருமல், காலில் குத்திய கருவேல முள் என்று ஒன்று விடாமல் கர்த்தரிடம் போய்விடும். என் முறை வரும்போது நான் அப்பா, மாமாமார், டீச்சர், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வரைக்கும் ஆசீர்வதிக்கச் சொல்லிவிட்டு ஆமென் போட்டுவிடுவேன்.

ஒருநாள் அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

“சித்தியை எங்கட்டி விட்ட? கன்னுக்குட்டிக்கு இருக்கிற எடம் அவளுக்கு இல்லையா?”

சித்தி பாயைச் சுருட்டிக்கொண்டே, “விடுங்க. பிள்ளையை அதட்டி வாங்குத ஜெபம் நமக்கு எதுக்கு? அவ வாயில வரும்போது வரட்டும்” என்றார்.

அது வராமலே மாதங்கள் போயின. சித்தி முழுகாமல் இருந்தார். ஏழாம் மாதம் நடக்கும்போது அவர் அண்ணன் வந்து பிரசவத்துக்குக் குளத்தூருக்கு அழைத்துப் போனார். நானும் பஸ் நிலையம் வரை போனேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் என் தலையைத் தடவச் சித்தி கையை நீட்டினார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அவர் போன பிறகு ஜெபத்துக்கு நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவின் ஜெபம் நீளமானது. சபை, போதகர், தேசம், மழை, மில் என்று வரிசையாகப் போய், குளத்தூரில் இருக்கும் சித்தியையும் தொட்டுவிட்டு, கடைசியில்தான் என்னிடம் வரும். அதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். முள் குத்தினால் அது என் காலோடு கிடந்தது. யாரும் அதை மேலே சொல்லவில்லை. என்னை முதலில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது மூன்று வாரத்தில் எனக்கு உறைத்தது. வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. அதை அடக்கிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டினேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், மழையில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வழியெல்லாம் வாசகத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே வந்தேன்.

தெருவில் போன் இருந்தது எதிர்ச்சாரிக் கடலைமிட்டாய்க் கடையில் மட்டும்தான். ஆறு மணிபோலக் கடைக்கார அண்ணாச்சி வந்து, குளத்தூரிலிருந்து பேசுகிறார்கள் என்று அப்பாவைக் கூட்டிப்போனார். அப்பா வெகு நேரம் கழித்துத் திரும்பினார். தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். யார் பேசினார்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, பாயைப் போடு என்றார்.

அன்றைக்கு வாசிப்பு அவர் முறை. பாதியில் நிறுத்தி, என்னை ஜெபிக்கச் சொன்னார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டிவைத்திருந்ததை ஒப்பித்தேன்.

“ஆண்டவரே, என் சித்தியை ஆசீர்வதியும். சித்தியையும் பாப்பாவையும் பத்திரமாய் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாரும். ஆமென்.”

அப்பாவிடமிருந்து ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அம்மாவின் அடக்கத்தில்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, மெதுவாக ஆமென் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு ஜெபத்தில் அப்பாவை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா குளத்தூருக்குப் போனார். என்னை அண்ணாச்சி வீட்டில் விட்டிருந்தார். தலை பின்னிவிட்ட அண்ணாச்சியின் மனைவியிடம் நான், “நேத்து நான் ஜெபம் பண்ணுனதுல எங்க அப்பா சந்தோஷத்துல அழுதுட்டாவ” என்றேன். அவர் பின்னுவதை நிறுத்தினார். என்ன ஜெபம் என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் இரண்டு கடலைமிட்டாய் எடுத்துவந்து என் கையில் வைத்து, கையை மூடிவிட்டார். பரிசு என்று எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் அப்பா திரும்பினார். முழங்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது. கை நகங்களுக்குள்ளும் கறுப்பாக இருந்தது. காலில் சரி, கையில் எப்படி என்று கேட்டேன். பஸ் சகதியில் மாட்டிக்கொண்டது, இறங்கித் தள்ளினோம் என்றார். சாப்பிட்ட பிறகுதான், அம்மாவைப் போலப் பாப்பாவும் கர்த்தரிடம் போய்விட்டது என்று சொன்னார். பிறந்து, அழாமலே அடங்கிவிட்ட பெண் குழந்தை. அந்த மண், மழையோடு மழையாக அவரே தோண்டிய குழியின் மண் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் சித்தி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். குழந்தையின் பேச்சை எடுத்தால் அவர் மனசு நோகும் என்று எல்லோரும் கவனமாக இருந்தார்கள். அப்பாவும்தான்.

அன்று சாயங்கால ஜெபத்தில் சித்தி வழக்கம்போல என்னிடமிருந்துதான் ஆரம்பித்தார். பிறகு என் முறை. சித்தியைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் எப்படிப் போவதென்று தெரியவில்லை. அப்பா சொல்லித்தந்த சட்டம் ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்து கேட்டேன்.

“சித்தி, இனிமே பாப்பாவைச் சொல்லக் கூடாதுல்லா?”

சித்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா மூடியிருந்த வேதப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லுட்டி” என்றார் சித்தி. “நான் கேக்குதேன்.”

அப்பா தடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. ஞானஸ்நானம் கிடையாது, சபைப் பதிவேட்டில் ஏறவில்லை. சித்திக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை. அது பிறந்தது நிஜம் என்று யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல மாட்டார்களா என்று அவர் எவ்வளவு ஏங்கியிருப்பார் என்பதை, எனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா போட்ட சட்டத்தை மீறச் சித்தி எனக்குச் சலுகை கொடுத்துவிட்டார் என்பதுதான். அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே ஜெபித்தேன்.